பேப்பர் ஒட்டியபின் ஃபேன் ஆடுகிறதா?

மூன்று இறக்கையிலும் பூப்போட்ட பேப்பரை ஃபெவிகாலில் ஒட்டினீர்கள், இப்போது ஃபேன் ஆடுகிறது, ஓரமும் பிய்கிறது என்கிறீர்கள். பெயின்ட் அடித்த உலோகம் பசையை உறிஞ்சாது, அதனால் பிடிப்பு குறைவு. அதோடு ஒரு இறக்கையில் பசை கூடுதலாக அப்பியிருந்தால் அந்தப் பக்கம் கனத்து ஆட்டம் வரும்.

மெயினை அணைத்துவிட்டு, இறக்கைகளில் 1, 2, 3 என்று குறித்துக் கழற்றுங்கள், திரும்ப மாட்டும்போது இடம் மாறக் கூடாது. ஈரத்துணி போட்டு ஊறவைத்தால் பேப்பர் உரிந்துவிடும். அப்புறம் பின்பக்கம் பசையுள்ள வினைல் ஷீட்டை மூன்றுக்கும் ஒரே அளவில் வெட்டி ஒட்டுங்கள். சுற்றும்போது காற்றைக் கிழிக்கிற முன்பக்க ஓரத்தில் மட்டும் ஷீட்டை இரண்டு விரல் அகலம் மேல்பக்கமாக மடித்துவிடுங்கள், நான் முதல் தடவை அதைச் செய்யாததால் ஒரே வாரத்தில் ஷீட் படபடவென்று அடித்துக்கொண்டது. இறக்கையை மட்டும் வளைத்துவிடாதீர்கள்.