போனை எடுக்காத மகன், மூன்று அரியர்: வீட்டிலிருந்து என்ன செய்யலாம்?

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. மூன்று ஏக்கர் நிலம். மகன் கோயம்புத்தூரில் ஒரு தனியார் கல்லூரியில் ஹாஸ்டலில் தங்கி பி.இ. இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் நல்ல மார்க் வாங்கியவன். இப்போது மூன்று அரியர் இருப்பது அவனுடைய நண்பன் சொல்லித்தான் தெரிந்தது. போன் செய்தால் எடுப்பதில்லை. எடுத்தாலும் ‘ம்’, ‘சரி’ என்று வைத்துவிடுகிறான். பொங்கலுக்கும் வரவில்லை. அவன் அப்பா, “படிச்சது போதும், கூட்டிட்டு வந்து வயல்ல விடுறேன்” என்கிறார். நாங்கள் இரண்டு பேரும் எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. அவன் பாடத்தில் எங்களால் என்ன உதவ முடியும்? மகள் கும்பகோணம் அரசு மகளிர் கல்லூரிக்கு தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். அவளால் ஒரு தொந்தரவும் இல்லை.

பதில்: அம்மா, பாடத்தில் நீங்கள் எதுவும் உதவ வேண்டியதில்லை. அதற்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள், சீனியர்கள் இருக்கிறார்கள், யூடியூபில் தமிழிலேயே பாடம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அப்பா அம்மா இருவரும் பேராசிரியர்களாக இருக்கும் வீட்டுப் பிள்ளைகளும் அரியர் வைக்கிறார்கள். கல்லூரியில் மாணவர் ஆலோசனைப் பொறுப்பைப் பார்த்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் கடிதத்தில் மூன்று அரியரைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, அது நண்பன் வாயால் உங்களுக்குத் தெரியவந்ததுதான். பையனுக்கு ஒரு கெட்ட செய்தி இருந்தது, அதை வீட்டில் சொல்ல வழியில்லாமல் போயிருக்கிறது. அந்த வழியைத் திறந்துவிடுவது உங்கள் கையில் இருக்கிறது. அதற்கு எட்டாவது படிப்பு தாராளமாகப் போதும்.

உங்கள் போன் பேச்சு எப்படி இருக்கும் என்று ஊகிக்கிறேன். “சாப்ட்டியா தம்பி?” “ம்.” “நல்லா படிக்கிறியா?” “ம்.” “உன்னை நம்பித்தான் இருக்கோம்.” “சரிம்மா, வைக்கிறேன்.” ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கிறது. முதல் இரண்டு கேள்விக்கும் ‘ம்’ தவிர வேறு பதில் கிடையாது. மூன்றாவதாகச் சொன்னது பாசத்தில் சொன்னதுதான். ஆனால் மூன்று பேப்பரில் தோற்றுப்போய் நிற்பவன் காதில் அது எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த முறை மணி அடிக்கும்போது அவன் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவான்.

அதனால் முதலில் அந்த வாக்கியத்தை நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்கள், பதில் கேட்காமல். “தம்பி, மூணு பேப்பர் நின்னுருக்குன்னு தெரியும். திட்டறதுக்குப் பேசல. அப்பாவும் நானும் பார்த்துக்கலாம்னுதான் இருக்கோம். எப்பத் தோணுதோ அப்பக் கூப்பிடு.” அவ்வளவு போதும். யார் சொன்னது என்று அவன் கேட்டால் நண்பன் பெயரைச் சொல்லாதீர்கள். அந்தப் பையனை அவன் விலக்கிவிட்டால் அங்கே அவனுக்கு இருக்கும் ஒரு துணையும் போய்விடும்.

அவன் பேச ஆரம்பித்ததும் படிப்பை நீங்களாக எடுக்க வேண்டாம். வெள்ளாடு குட்டி போட்டது, கீழத்தெருவில் போர் போட்டது, யார் வீட்டில் அறுவடை மெஷின் இறங்கியது என்று ஊர்க்கதை பேசுங்கள். நடுவில் குறிப்பான கேள்வி ஒன்று போதும்: “இன்னிக்கு லேப் இருந்துச்சா? கூட யாரு?” இப்படி நாலு தடவை பேசினால் ஐந்தாவது தடவை அவனே விஷயத்துக்கு வருவான். வந்ததும் உடனே அறிவுரையில் இறங்கிவிடாதீர்கள். “எந்த மூணு பேப்பர்?” என்று கேட்டு, அந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஆங்கிலப் பெயராக இருந்தால் கேட்டபடியே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை பேசும்போது பேப்பர் பெயரைச் சொல்லி நீங்கள் கேட்டால், அம்மாவுக்கு விஷயம் புரிந்திருக்கிறது என்று அவனுக்கே தெரியும்.

சரி, அரியர் என்பது எவ்வளவு பெரிய இடி? தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு முதல் ஆண்டுக் கணக்குப் பேப்பர்களில் அரியர் விழுவதை நான் வருடா வருடம் பார்க்கிறேன். பள்ளியில் மார்க் வாங்கியவன் இங்கே திடீரென்று மண்டாகிவிடவில்லை. பாடம் ஆங்கிலத்தில், ஓட்டம் வேகம், சந்தேகம் கேட்கக் கூச்சம். அரியர் பேப்பரை அடுத்த செமஸ்டர் தேர்வோடு சேர்த்து எழுதலாம். நவம்பர் டிசம்பரில் ஒரு வாய்ப்பு, ஏப்ரல் மே மாதத்தில் ஒரு வாய்ப்பு. நான்கு வருடப் படிப்பை முடிக்க ஏழு வருடம் வரை அவகாசம் உண்டு. அதற்காக மெத்தனமாக இருக்கலாம் என்று சொல்லவில்லை. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் கம்பெனிகளில் பல, நிலுவையில் அரியர் இருந்தால் உள்ளேயே விடுவதில்லை. மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் மூன்றையும் முடித்துவிட்டால் பாதி கவலை தீர்ந்தது.

மார்க் கணக்கு ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள், பேசும்போது உதவும். 2021 ஒழுங்குமுறைப்படி தியரி பேப்பர் ஒன்றுக்கு இன்டர்னல் 40, பல்கலைக்கழகத் தேர்வு 60. தேர்வுத் தாள் நூறு மார்க்குக்கு இருக்கும், அதை 60-க்குக் குறைத்துக் கணக்கிடுவார்கள். இரண்டும் சேர்ந்து 50 வர வேண்டும், தேர்வில் தனியாக 45 சதவீதமும் வர வேண்டும். இன்டர்னலில் 30 வைத்திருக்கும் பையன் தேர்வுத் தாளில் நூற்றுக்கு 45 எடுத்தாலே தேறிவிடுவான். இன்டர்னலில் 15 மட்டும் வைத்திருப்பவன் 59 எடுத்தாக வேண்டும். அந்த இன்டர்னல் எங்கே கிடைக்கிறது? நடுவில் நடக்கும் டெஸ்ட்டிலும் அசைன்மென்ட்டிலும். அதனால் செமஸ்டர் கடைசியில் “நல்லா எழுதுடா” என்று சொல்வதைவிட, இப்போதே “அடுத்த டெஸ்ட் எப்போ?” என்று கேட்பது நூறு மடங்கு உபயோகம். அவன் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரி (தேர்வைத் தானே நடத்தும் கல்லூரி) என்றால் இந்த எண்கள் கொஞ்சம் மாறலாம், அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

வருகைப்பதிவு இதைவிட ஆபத்தான விஷயம். 75 சதவீதம் வேண்டும். மருத்துவக் காரணம் காட்டினால் 65 வரை சமாளிக்கலாம். அதற்கும் கீழே போனால் தேர்வு எழுத விடமாட்டார்கள், அந்த செமஸ்டரையே அடுத்த வருடம் திரும்பப் படிக்க வேண்டும். அரியரைத் திரும்ப எழுதிவிடலாம், போன செமஸ்டர் போனதுதான். 90 வேலைநாள் என்று வைத்தால் 22 நாள் லீவுக்குத்தான் இடம். இங்கே வீட்டுக்காரர்களையும் கொஞ்சம் கோபித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அத்தை வீட்டுக் காதுகுத்து, மாமா வீட்டுக் கிரகப்பிரவேசம், காப்புக் கட்டினால் ஊருக்கு வந்தே ஆக வேண்டும் என்று ஆளுக்கு ஒரு தடவை கூப்பிட்டால், போக வர இரண்டு நாள் சேர்த்து நாலு நாள் காலி. விசேஷத்துக்கு வந்தாலும் நிம்மதி கிடையாது. பந்தியில் உட்கார்ந்ததுமே “எந்த வருஷம் தம்பி? எத்தனை பர்சென்ட்? எங்க மச்சான் பையன் சிங்கப்பூர்ல...” என்று ஆரம்பிப்பார்கள். உங்கள் மகன் பொங்கலுக்கு வராததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்தால் எனக்கு ஆச்சரியம் இல்லை. அடுத்த முறை அவன் வருவதற்கு முன்னால், “மார்க் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க, நான் பாத்துக்கிறேன்” என்று சொல்லுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது. மன்னார்குடியிலிருந்து கோவைக்கு செம்மொழி எக்ஸ்பிரஸ் இருக்கிறது, ராத்திரி ஏறினால் காலையில் இறங்கலாம். அறுப்பு முடியட்டும், கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுவிட்டுப் போகலாம் என்று தள்ளாதீர்கள். ஏப்ரல் நெருங்கிவிட்டால் இன்டர்னல் வாய்ப்பெல்லாம் முடிந்திருக்கும். சொல்லாமல் போய் ஹாஸ்டல் வாசலில் நிற்க வேண்டாம், அது போலீஸ் ரெய்டு மாதிரி ஆகிவிடும். “சனிக்கிழமை வர்றோம், உன் கிளாஸ் அட்வைசரைப் பார்க்கலாம், நீயும் கூட வா” என்று சொல்லிவிட்டுப் போங்கள். கல்லூரிக்கு லீவா என்று அவனிடமே கேட்டு நாள் குறியுங்கள். அவனை வெளியே நிற்க வைத்துவிட்டு ஆசிரியரிடம் பேசாதீர்கள். பதினெட்டு வயது தாண்டியவன், அவன் விஷயத்தை அவன் முன்னால் பேசுவதுதான் முறை. ஆசிரியரிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: வருகைப்பதிவு இன்றைக்கு எத்தனை சதவீதம், இன்டர்னல் எந்தப் பேப்பரில் குறைவு, அரியர் தேர்வுக்குப் பணம் கட்டக் கடைசி நாள் எது, கணக்குக்குத் தனியாகச் சொல்லித்தர யாராவது உண்டா. பணம் கட்டும் நாளைத் தவறவிட்டு, படித்தும் எழுத முடியாமல் போன பிள்ளைகள் உண்டு. அதனால் அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அரியரோடு சேர்த்து ஒன்பது பேப்பரை ஒரே தடவையில் படித்துத் தள்ள வேண்டிய நிலை என்றால், எந்த அரியரை இந்த முறை விடாமல் முடிப்பது என்று அவனும் ஆசிரியரும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

அவன் அறையையும் கொஞ்சம் பாருங்கள், வேவு பார்க்க அல்ல. இதில் நான் தயங்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. படிக்கப் பிடிக்காமல் இருப்பது வேறு, மனம் உடைந்து கிடப்பது வேறு. ராத்திரி முழுக்க விழித்துப் பகலெல்லாம் படுத்திருப்பது, மெஸ்ஸுக்குப் போகாமல் இருப்பது, உடம்பு இளைத்துப்போவது, பிடித்த விளையாட்டைக் கூட விட்டுவிடுவது, “நான் இல்லாட்டி உங்களுக்குச் செலவு மிச்சம்” என்கிற மாதிரிப் பேச்சு, ஆசையாக வைத்திருந்த பொருளை எடுத்து யாருக்காவது கொடுப்பது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து சில வாரமாக இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். உயிரைப் பற்றிய பேச்சு வந்துவிட்டால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. “செத்துப்போகலாம்னு தோணுதா தம்பி?” என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்பது தவறான பயம். கேட்டால்தான் மனசில் இருப்பது வெளியே வரும். ஆமாம் என்றால் அவனைத் தனியாக விடாதீர்கள், 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். ஊருக்கு அழைத்து வந்துவிட்டால் திருவாரூர், தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. யாராவது பார்த்துவிட்டால் என்ன சொல்வார்கள் என்ற கவலை வேண்டாம். காய்ச்சல் என்றால் ஓ.பி. சீட்டு வாங்கி உட்காருவோம் இல்லையா, அதே சீட்டுதான் இதற்கும்.

அடிக்கடி பணம் கேட்கிறானா? காரணம் மாற்றி மாற்றிச் சொல்கிறானா? ஆன்லைன் விளையாட்டு, கடன் ஆப் இரண்டையும் மனதில் வைத்துக் கேளுங்கள். கடன் ஆப்காரர்கள் மிரட்டினால் 1930 என்ற சைபர் குற்ற எண்ணில் புகார் செய்யலாம்.

பணத்தைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. நகையைக் கூட்டுறவு சொசைட்டியில் வைத்து ஃபீஸ் கட்டியிருந்தால் அதை அவனிடம் மறைக்க வேண்டாம், தினமும் சொல்லிக்காட்டவும் வேண்டாம். ஐப்பசி கார்த்திகை மழையில் சம்பா மூழ்கியிருந்தால் அதை அவன் யாருடைய ஸ்டேட்டஸிலோ பார்த்திருப்பான். சரியாகச் செமஸ்டர் தேர்வு நேரம் அது. வீட்டில் யாரும் எதுவும் சொல்லாவிட்டால் உள்ளதைவிடப் பெரிதாகக் கற்பனை செய்துகொள்வான். “இவ்வளவு கடன், இந்தத் தேதிக்குள் திருப்புவோம், உன் ஃபீஸுக்கு வழி இருக்கிறது” என்று ஒரே தடவை எண்ணோடு சொல்லிவிடுங்கள். ஃபீஸ் தாமதமாகும் என்றால் கெடு முடிவதற்கு முன்பே கல்லூரிக்கு எழுதிக் கொடுத்துத் தவணை கேளுங்கள். முதல் பட்டதாரிச் சலுகை அவனுக்குக் கிடைக்கிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. அந்தப் பணம் அவன் கைச்செலவுக்கு இருக்கட்டும், வீட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அவன் அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். ஐயா, மகன் விவசாயம் பார்ப்பது கேவலம் இல்லை. அவனே விரும்பி வந்தால் நல்லதுதான். ஆனால் தோற்றவனை அனுப்பும் இடமாக வயலைக் காட்டினால், படிப்பு மேலும் வெறுப்பாகும், நீங்கள் காலமெல்லாம் உழைத்த மண்ணும் அவனுக்குத் தண்டனையாகத் தெரியும். மிரட்டலை ஏப்ரல் மே தேர்வு முடியும் வரை வாயில் எடுக்காதீர்கள். அதற்குப் பிறகும் அவனுக்கு இந்தப் படிப்பு ஒட்டவில்லை என்றால் அப்போது உட்கார்ந்து பேசலாம். வேறு கோர்ஸ் மாறுவதோ ஒரு வருடம் நிறுத்துவதோ உலகத்தில் நடக்காத காரியம் இல்லை.

கடைசியாக, தொந்தரவே இல்லாத உங்கள் மகள். கும்பகோணத்தில் எட்டரை ஒன்பது மணிக்கு இருக்க வேண்டும் என்றால் உங்கள் கிராமத்திலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறாள்? கிளம்புவதற்கு முன் வாசல் தெளிப்பது, சமையலுக்கு நறுக்கிக் கொடுப்பது யார்? வந்ததும் பாத்திரம் யார்? அண்ணனுக்காக வீடே கவலைப்படுவதைப் பார்த்துக்கொண்டு தன் கஷ்டத்தைச் சொல்லாமல் இருக்கும் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவளுக்கும் இன்டர்னல் உண்டு, டெஸ்ட் உண்டு. புதுமைப் பெண் திட்டப் பணம் அவளுக்கு வந்தால் அதுவும் அவள் செலவுக்கே இருக்கட்டும். தேர்வு மாதம் முழுக்க சாயங்கால வேலையை வீட்டில் மற்றவர்கள் பிரித்துக்கொள்ளுங்கள், அவள் அப்பாவும் சேர்த்து. இன்று ராத்திரி அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும், அண்ணனைப் பற்றி எதுவும் பேசாமல், அவளுடைய அடுத்த டெஸ்ட் எப்போது என்று கேளுங்கள்.