கேளுங்கள், சொல்கிறோம்: ஓடிபி சந்தேகங்கள்

கேள்வி: லாக்இன் செய்ய ஓடிபி எண்ணைக் காட்டும் ஆதென்டிகேட்டர் செயலி, இணையம் இல்லாதபோதும் எண்ணைக் காட்டுகிறதே, எப்படி?

பதில்: அந்த எண்ணை யாரும் அனுப்புவதில்லை, உங்கள் போனே கணக்கிடுகிறது. தொடக்கத்தில் ஸ்கேன் செய்த க்யூஆர் கோடுக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அதன் ஒரு பிரதி நீங்கள் லாக்இன் செய்யும் தளத்தின் சர்வரில், மற்றொன்று உங்கள் போனில். 1970 ஜனவரி 1 முதல் கடந்துவந்த விநாடிகளை வழக்கமாக 30-ஆல் வகுத்து, மீதியைத் தள்ளிவிட்டு, வரும் எண்ணையும் சாவியையும் சேர்த்து ஒரு ஹேஷ் கணக்கு (விடையிலிருந்து சாவியைக் கண்டுபிடிக்க முடியாத வகைக் கணக்கு) போட்டால், முடிவில் அந்த ஆறு இலக்கம் கிடைக்கும். சர்வரும் அதே கணக்கைப் போட்டு ஒப்பிடுகிறது. 2011-இல் வெளியான ஆர்எஃப்சி 6238 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் வகுத்த முறை இது. ஆகவே அந்த க்யூஆர் கோடை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கேலரியில் விட்டுவைக்காதீர்கள். அது யார் கையில் சிக்கினாலும், இனி வரப்போகும் எண்களையெல்லாம் அவர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: எண்ணைச் சரியாக அடித்தும் 'தவறு' என்கிறதே?

பதில்: பெரும்பாலும் கடிகாரக் கோளாறுதான். பல சர்வர்கள் முந்தைய 30 விநாடிக்கான எண்ணையும் ஏற்கும். ஆனால் போன் இரண்டு நிமிடம் பிந்தினால் நடக்காது. செட்டிங்ஸில் தானியங்கி நேரத்தை ஆன் செய்யுங்கள். செயலியில் ஒரே கணக்குக்கு இரண்டு பதிவுகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். மறுபடி அமைத்திருந்தால் பழைய சாவி செத்துவிட்டது.

கேள்வி: ஓடிபி இருந்தும் கணக்குகள் பறிபோகின்றனவே?

பதில்: பாஸ்வேர்டு மட்டும் கசிந்தால் ஓடிபி காப்பாற்றும். ஆறு இலக்கத்தில் 10 லட்சம் வாய்ப்புகள். சில தவறான முயற்சிகளிலேயே ஒழுங்கான தளம் தடுத்துவிடும். ஆனால் எண்ணை எங்கே அடிக்கிறீர்கள் என்பது ஓடிபிக்குத் தெரியாது. போலிப் பக்கத்தில் அடித்தால், மோசடிக்காரர் அதே நொடியில் அதை அசல் தளத்தில் போட்டு உள்ளே நுழைந்துவிடுவார். இதில் செயலி, எஸ்எம்எஸ் இரண்டும் ஒன்றுதான். எஸ்எம்எஸ்ஸுக்குக் கூடுதலாக இன்னொரு ஆபத்து: உங்கள் பெயரில் வேறொருவர் மாற்று சிம் வாங்கிவிட்டால் ஓடிபி அவருக்கே போகும். வேறு வழியில்லாத இடத்தில் எஸ்எம்எஸ்ஸையே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுமில்லாததற்கு அது எவ்வளவோ மேல். பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக, உங்கள் சாதனத்தில் இருக்கும் சாவியால் லாக்இன் செய்யும் முறை) வசதி இருந்தால் அதற்கு மாறுங்கள். தளத்தின் முகவரி ஒத்துப்போகாவிட்டால் அது வேலையே செய்யாது.

கேள்வி: போன் மாற்றப்போகிறேன். என்ன செய்வது?

பதில்: பழைய போனை அழிக்கும் முன்பே செயலியின் எக்ஸ்போர்ட் வசதியால் சாவிகளைப் புதியதற்கு மாற்றி, ஒரு கணக்கிலாவது லாக்இன் செய்து பாருங்கள். போன் கையில் இல்லாதபோது உள்ளே நுழைய தளம் தரும் பேக்கப் கோடுகளைத் தாளில் எழுதி வையுங்கள். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும்.