பணம் கேமரா பாடிக்கா, லென்ஸுக்கா?

கேள்வி: அடுத்த ஆண்டு என் மகளுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதத்தோடு பத்துமலை வரை நடப்பதும் எங்கள் குடும்ப வழக்கம். இரண்டையும் நல்ல கேமராவில் எடுக்க 8,000 ரிங்கிட் சேர்த்து வைத்திருக்கிறேன். கடையில், "ஃபுல் ஃபிரேம் எடுங்க, சின்ன சென்சார் இருட்டுக்கு ஆகாது, கூட வர்ற லென்ஸே போதும்" என்கிறார்கள். வாங்கலாமா ஐயா? (வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்)

பதில்: வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். சென்சார் என்பது கேமராவுக்குள் ஒளியைப் பதிவு செய்யும் சில்லு. அது பெரிதாக இருந்தால் நல்லதுதான். ஆனால் கூட வரும் லென்ஸை மாட்டினால் அந்த நன்மை அப்படியே கரைந்துவிடும். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அளவு 36க்கு 24 மி.மீ. சோனி, நிக்கான், ஃபியூஜி கேமராக்களில் உள்ள ஏபிஎஸ்-சி சென்சார் ஏறக்குறைய 23.5க்கு 15.6 மி.மீ. கேனனுடையது இன்னும் சற்றுச் சிறியது. பரப்பளவைப் பெருக்கிப் பார்த்தால் ஃபுல் ஃபிரேம் சுமார் 2.3 மடங்கு பெரியது. ஒரே அப்பெர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஒரே ஷட்டர் வேகத்தில் எடுக்கும்போது அதன்மேல் மொத்தமாக விழும் ஒளியும் அதே 2.3 மடங்கு. ஒளி கூடக் கூட, இருட்டான இடங்களில் குறுணை குறுணையாகத் தெரியும் நாய்ஸ் குறையும். கடையில் சொன்னதில் உள்ள உண்மை இதுதான். ஒளி இரண்டு மடங்கானால் அது ஒரு ஸ்டாப். அதனால் படம் எடுப்பவர்கள் இதை ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல் என்பார்கள்.

அடுத்து லென்ஸ். கேனன் ஆர்8 என்ற ஃபுல் ஃபிரேம் கேமராவோடு விற்கும் 24-50 மி.மீ. லென்ஸ், ஜூமை முழுக்க இழுத்தால் எஃப்6.3 வரைதான் திறக்கும். எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது. எஃப்2.8 வரை திறக்கும் லென்ஸ் அதைவிட 5 மடங்கு ஒளியை உள்ளே விடும். சென்சாரை மாற்றினால் 2.3 மடங்கு, லென்ஸை மாற்றினால் 5 மடங்கு. சிறிய சென்சாரும் நல்ல லென்ஸும் சேர்ந்தால், பெரிய சென்சாரும் கூட வரும் கிட் லென்ஸும் சேர்ந்த கேமராவைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஒளி கிடைக்கும்.

மேடையில் இது எப்படித் தெரியும்? ஜதிக்கு ஆடும்போது கையும் காலும் உறைந்து நிற்க 1/500 வினாடி வேண்டும். ஒரு மேடை வெளிச்சத்தில் எஃப்2.8 லென்ஸுக்கு ஐஎஸ்ஓ (ஒளியைக் கூட்டிக் காட்டும் அளவு, கூடினால் நாய்ஸும் கூடும்) 3200 சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வெளிச்சம், அதே வேகத்துக்கு எஃப்6.3 லென்ஸ் ஐஎஸ்ஓ 16,000 கேட்கும். ஃபுல் ஃபிரேம் தரும் சலுகையைக் கழித்துவிட்டாலும் அந்தப் படம் ஏபிஎஸ்-சியில் ஐஎஸ்ஓ 7,000ல் எடுத்தது போலத்தான் இருக்கும். ஏபிஎஸ்-சியில் எஃப்2.8 லென்ஸ் மாட்டியிருந்தால் நீங்கள் 3200லேயே எடுத்திருப்பீர்கள். முகத்தின் மேக்கப், கண்ணின் மை, பட்டுப்புடவையின் ஜரிகை எல்லாம் எதில் தெளிவாக வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தூரத்தையும் யோசியுங்கள். அரங்கில் எட்டாவது வரிசையில் உட்கார்ந்து ஃபுல் ஃபிரேமில் 50 மி.மீ. லென்ஸால் எடுத்தால் மேடை முழுக்க விழும், மகள் நடுவில் சின்னதாகத் தெரிவாள். ஏபிஎஸ்-சி சென்சார் லென்ஸ் தரும் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதால், 85 மி.மீ. லென்ஸ் அதில் ஃபுல் ஃபிரேமின் 127 மி.மீ. அளவுக்கு நெருக்கிக் காட்டும். இருக்கையை விட்டு எழுந்து போக முடியாத இடத்தில் இது பெரிய வசதி. ஃபுல் ஃபிரேமில் இதே நெருக்கத்தோடு எஃப்2.8 வேண்டுமென்றால் பெரும்பாலும் 70-200 லென்ஸ் வாங்க நேரும். சோனியின் இரண்டாம் தலைமுறை 70-200 ஒரு கிலோவுக்கு மேல் எடை. அதன் விலை உங்கள் கணக்கைத் தாண்டிவிடும்.

கடைகளில் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று இருக்கிறது. பின்னணி மங்கலாக வருவது ஃபுல் ஃபிரேமின் அழகு என்று காட்டித்தான் விற்கிறார்கள். திருமண ஜோடியைத் தனியாக நிறுத்தி எடுக்க அது அழகுதான். நாட்டியத்துக்கு அப்படியில்லை. முத்திரை பிடித்து முன்னால் நீட்டிய கையும் தெளிவாக வேண்டும், கண்ணும் தெளிவாக வேண்டும். 8 மீட்டர் தூரத்தில் ஏபிஎஸ்-சியில் 85 மி.மீ. லென்ஸை எஃப்1.8க்குத் திறந்தால், தெளிவாக விழும் ஆழம் 60 செ.மீ. சொச்சம். நீட்டிய கைக்கு அது ஏறக்குறையப் போதும். ஃபுல் ஃபிரேமில் அதே நெருக்கத்தில், அதே எஃப்1.8ல் 40 செ.மீ. அளவுக்குத்தான் வரும். ஆழத்தைக் கூட்ட அப்பெர்ச்சரை எஃப்2.7 பக்கம் சுருக்கினால், பெரிய சென்சாரால் கிடைத்த 2.3 மடங்கு ஒளி அங்கேயே போய்விடும். ஆழம் தேவைப்படும் படங்களில் இரண்டு சென்சாருக்கும் இருட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. என்னைக் கேட்டால் உங்கள் கேள்விக்கு இதுதான் முக்கியமான பதில்.

அதனால் ஏபிஎஸ்-சி பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) ஒன்றை எடுங்கள். உங்கள் பணத்தில் பாதிக்கு மேல் அதற்குப் போகக் கூடாது. சோனி என்றால் ஏ6400 போதும், நல்ல நிலையில் செகண்ட் ஹேண்ட் கிடைத்தாலும் சரி. மீதிப் பணத்தில் முதலில் 85 மி.மீ. எஃப்1.8. சோனியின் எஃப்இ வரிசை 85 ஃபுல் ஃபிரேமுக்கென்றே செய்தது. நாளைக்கே நீங்கள் ஃபுல் ஃபிரேமுக்கு மாறினாலும் கூடவே வரும். அடுத்தது சிக்மா 18-50 மி.மீ. எஃப்2.8, எடை 300 கிராமுக்கும் குறைவு. ரதத்தோடு விடிய விடிய நடக்கும்போது கழுத்தில் தொங்குவது கனக்கக் கூடாது, கூட்டம் நெருக்கும்போது ரதத்தைப் பக்கத்தில் நின்று முழுசாக எடுக்க 18 மி.மீ. தரும் அகலமான காட்சி வேண்டும். ரதம் மெதுவாகத்தான் நகரும், அடிக்கடி நிற்கும். அதனால் 1/125 வினாடியே போதும், தெருவிளக்கிலேயே ஐஎஸ்ஓவை அடக்கி வைக்கலாம்.

அரங்கேற்றத்தன்று ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை எல்ஈடி மேடை விளக்கில் பயன்படுத்தினால் சில நேரம் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். ஒத்திகை நாளிலேயே சோதித்துப் பாருங்கள். கோடு விழுந்தால் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றிக்கொண்டு, மிருதங்கம் பலமாக ஒலிக்கும் இடங்களில் எடுங்கள்.

அப்படியானால் ஃபுல் ஃபிரேம் யாருக்கு? திருமணப் படம் எடுத்துப் பிழைப்பவருக்கு, சுவர் அளவுக்குப் பிரிண்ட் போடுபவருக்கு, நல்ல லென்ஸ் வாங்கவும் கையில் பணம் மீதி இருப்பவருக்கு. அவர்கள் தாராளமாக வாங்கட்டும்.

கேள்வி: என் கைப்பேசியில் 200 மெகாபிக்சல். 24 மெகாபிக்சல் கேமராவை எதற்கு வாங்க வேண்டும் என்று தம்பி கேட்கிறான். என்ன சொல்வது? (வாசகர், ஜெலுத்தோங்)

பதில்: 2023ல் வந்த சாம்சங் எஸ்23 அல்ட்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 200 மெகாபிக்சலும் 10க்கு 7 மி.மீ. அளவுள்ள சென்சாருக்குள் அடங்க வேண்டும். ஒரு பிக்சலின் அகலம் 0.6 மைக்ரான். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவில் அது 3.9 மைக்ரான். அதனால்தான் அந்தக் கைப்பேசி சாதாரணமாக 16 பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத் தருகிறது. பகலில் கடற்கரையில் எடுத்தால் தம்பி சொல்வது சரியாகவே இருக்கும், கைப்பேசியே போதும். இரவில், ஓடியாடும் பிள்ளையை எடுக்கும்போது ஐந்து மடங்கு பெரிய சென்சாரின் அருமை தெரியும். எண்ணைப் பார்த்து வாங்க வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி: பினாங்கில் ஒரு கடையில் சோனி ஃபுல் ஃபிரேம் பாடி வாங்கினேன். அதற்குப் பொருத்தமான லென்ஸ் கேட்டதும் 16-50 ஒன்றைக் கொடுத்தார்கள். வீட்டில் எடுத்துப் பார்த்தால் 24 மெகாபிக்சல் கேமராவில் படம் 10 மெகாபிக்சல்தான் வருகிறது. திருப்பிக் கொண்டுபோனால், "மாட்டினால் பொருந்துகிறதே, ரிட்டர்ன் கிடையாது" என்கிறார்கள். (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: உங்கள் கேமராவில் பழுது இல்லை. உங்களுக்குக் கொடுத்தது ஏபிஎஸ்-சிக்குச் செய்த லென்ஸ். மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வளையம்) ஒன்றுதான், ஆனால் அந்த லென்ஸ் போடும் ஒளிவட்டம் பெரிய சென்சாரை மூடாது. அதனால் கேமரா தானாகவே நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கிறது. சோனியில் ஃபுல் ஃபிரேம் லென்ஸின் பெயர் எஃப்இ (FE) என்று தொடங்கும், ஏபிஎஸ்-சி லென்ஸில் வெறும் இ (E). கேனனில் ஆர்எஃப், ஆர்எஃப்-எஸ். சிக்மாவில் டிஜி, டிசி. பெட்டியில் இதைப் பார்த்தாலே போதும்.

ஃபுல் ஃபிரேமுக்குப் பொருத்தமான லென்ஸ் வேண்டும் என்று கடையில் சொல்லித்தான் கேட்டிருக்கிறீர்கள். மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் சொன்ன தேவைக்குப் பொருந்தும் பொருளைத் தருவது விற்பவரின் கடமை. ரசீதில் "ரிட்டர்ன் கிடையாது" என்று அச்சிட்டிருந்தாலும் அந்த உரிமை போகாது. ரசீது, பாடியின் மாடல் எண், லென்ஸின் பெயர் தெரியும் பெட்டி, வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் அதுவும், எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். முதலில் கடைக்கு எழுத்து மூலம் கேளுங்கள். ஃபுல் ஃபிரேம் லென்ஸுக்கு மாற்றித் தந்தால், விலை வித்தியாசத்தைக் கட்டி முடித்துக்கொள்வது நல்லது. மறுத்தால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுங்கள். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம், வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை, மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். எழுதத் தயக்கமாக இருந்தால் ஜார்ஜ்டவுனில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் யோசனை கேளுங்கள். அதுவரை அந்த லென்ஸில் எடுக்கும் 10 மெகாபிக்சல் படமும் ஏ4 அளவில் நன்றாகவே பிரிண்ட் ஆகும்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் லென்ஸ் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? (வாசகர், செந்தூல்)

பதில்: நம் ஊர் ஈரப்பதத்தில் முதல் எதிரி பூஞ்சைதான். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, அப்பெர்ச்சரை முழுக்கத் திறந்து, கைப்பேசி டார்ச்சைப் பின்னாலிருந்து சாய்வாக அடித்துப் பாருங்கள். உள்ளே வலைபோல் கிளைவிட்ட வெள்ளை இழை தெரிந்தால், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். தூசி இரண்டொன்று இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. வாங்கியதை அலமாரியில் துணி சுற்றி வைக்காதீர்கள். டிரை கேபினட் ஒன்றில் ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்துப் பாதுகாத்தால் பூஞ்சை வராது.