லினக்ஸுக்கு மாறியவர் எந்த எடிட்டரில் தொடங்கலாம்?

கேள்வி இது: "விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு வந்துவிட்டேன். வேலைக்காக இல்லை, ஆசைக்காகத்தான் சி-யும் பைத்தானும் எழுதுகிறேன். எந்த எடிட்டர் நல்லது? ஒன்றை இன்ஸ்டால் செய்தேன், ரன் கொடுத்தால் ஜிசிசி இல்லை என்கிறது. லினக்ஸ் எனக்குச் சரிவராதோ?"

கடைசி வரிக்குத்தான் முதலில் பதில். லினக்ஸ் சரிவரும். உங்கள் எடிட்டரிலும் குறை இல்லை. உபுண்டுவோ மின்ட்டோ போட்டிருப்பீர்கள், விண்டோஸில் டெவ் சி பிளஸ் பிளஸ் மாதிரி ஒன்றில் பழகியிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அங்கே எடிட்டரோடு, எழுதிய நிரலை ஓடக்கூடியதாக மாற்றும் கம்பைலரும் ஒரே மூட்டையாக வந்து இறங்கும். அதனால் இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணம் படிந்துவிடுகிறது. லினக்ஸில் எடிட்டர் வேறு, கம்பைலர் வேறு. ஜிசிசி என்பது அந்தக் கம்பைலர்தான். கம்பைலர் இல்லாத இடத்தில் எத்தனை எடிட்டரை மாற்றினாலும் அதே பிழைதான் வரும்.

ஆகவே எடிட்டரைத் தேடும் முன் கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலைத் திறந்து, மென்பொருள் நிறுவும் கட்டளையான ஏபிடி வழியாக 'பில்ட்-எசென்ஷியல்' என்ற பேக்கேஜைப் போடுங்கள். ஜிசிசி, சி பிளஸ் பிளஸ் கம்பைலரான ஜி பிளஸ் பிளஸ், பில்ட் கருவியான மேக் மூன்றும் அதில் வரும். பிழை தேட உதவும் டீபக்கரான ஜிடிபி அதில் வராது, அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். பைத்தான் ஏற்கெனவே இருக்கும். ஆனால் அதைக் கூப்பிடும் பெயர் 'பைத்தான்3'. வெறும் 'பைத்தான்' என்று அடித்தால் பல சிஸ்டங்களில் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று வரும்.

சி-க்கு என் பரிந்துரை ஜீனி. சின்ன எடிட்டர், பழைய கணினியிலும் சட்டென்று திறக்கும். எஃப்8 கம்பைல், எஃப்9 பில்ட், எஃப்5 ரன். எஃப்9 அடித்ததும் ஜிசிசிக்கு என்ன கட்டளை போனது என்பதைக் கீழே முழு வரியாகக் காட்டும். தொடக்கத்தில் இதைவிடப் பெரிய வசதி வேறில்லை. அந்த வரியை அப்படியே டெர்மினலில் அடித்தாலும் வேலை நடக்கும் என்று புரிந்த நாளிலிருந்து எடிட்டர் மாற்றுவது பயமாக இருக்காது. டெர்மினலில் நேரடியாக ஓட்டும்போது மட்டும், நிரலின் பெயருக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் போடுங்கள். இருக்கிற ஃபோல்டரில் லினக்ஸ் தானாகத் தேடாது. எஃப்5 அடித்தும் டெர்மினல் கிடைக்கவில்லை என்று ஜீனி சொன்னால், பிரெஃபரன்ஸில் டூல்ஸ் பகுதிக்குப் போய் உங்கள் சிஸ்டத்தில் இருக்கும் டெர்மினலின் பெயரைக் கொடுக்க வேண்டும்.

ஸ்கொயர்ரூட் மாதிரி கணித ஃபங்ஷன் வைத்து எழுதினால் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்ற பிழை வரும். லினக்ஸில் கணித லைப்ரரியைத் தனியாக இணைக்கச் சொல்ல வேண்டும். பில்ட் மெனுவில் 'செட் பில்ட் கமாண்ட்ஸ்' போய், பில்ட் வரியின் கடைசியில், ஃபைல் பெயருக்குப் பிறகு, ஒரு ஹைஃபனும் அதை ஒட்டிச் சின்ன எழுத்தில் எல், எம் என்ற இரண்டும் சேருங்கள். முன்னால் போட்டால் உபுண்டுவில் பலிக்காது, இடமிருந்து வலமாகத்தான், லைப்ரரியை நிரலோடு இணைக்கும் லிங்கர் தேவையைப் பார்த்துக்கொண்டு போகிறது. இன்னொரு குழப்பமும் உண்டு. எண்ணை நேரடியாகக் கொடுத்தால் கம்பைலரே விடையைக் கணக்கிட்டு வைத்துவிடுவதால் பிழை வராமலும் போகும். வேரியபிள் கொடுத்த உடனே வரும். "நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை" என்ற புலம்பலுக்குப் பின்னால் பல தடவை இதுதான் இருக்கிறது.

டர்போ சி காலத்துப் புத்தகத்தை வைத்துப் படிக்கிறீர்கள் என்றால் கோனியோ ஹெட்டர், கெட்ச், கிளியர்ஸ்க்ரீன் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அவை டாஸுக்கானவை, லினக்ஸில் இல்லை. விண்டோ மூடிவிடாமல் இருக்கத்தான் கடைசியில் கெட்ச் போடச் சொல்வார்கள். ஜீனியில் அது தேவையே இல்லை, என்டர் அடிக்கும்வரை விண்டோ நிற்கும். மெயினுக்கு முன் வாய்ட் போட்டிருந்தால் இன்ட் ஆக்குங்கள். ஜி பிளஸ் பிளஸ் வாய்டை ஏற்காது.

பைத்தானுக்கு தோனி என்ற எடிட்டர். எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் கற்பிப்பதற்கென்றே உருவானது. ஒவ்வொரு வரியாக நடத்திப் பார்க்கலாம், வேரியபிளின் மதிப்பு மாறுவது பக்கத்திலேயே தெரியும். "அது குழந்தைகளுக்கானது" என்று யாராவது சொல்லக்கூடும். சொல்லட்டும். ஃபங்ஷன் தன்னையே அழைக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று இவ்வளவு தெளிவாகக் காட்டும் எடிட்டர்கள் குறைவு.

பைத்தானில் நீங்கள் முட்டப்போகும் அடுத்த சுவர், பைத்தானுக்குக் கூடுதல் மாட்யூல்களை நிறுவும் பிப். டெபியன் 12-இலிருந்தும் உபுண்டு 23.04-இலிருந்தும் பிப் நேரடியாக எதையும் போட விடாது. 'எக்ஸ்டர்னலி மேனேஜ்ட்' என்று நீளமாக ஒரு பிழை வரும். சிஸ்டமே பைத்தானை நம்பி ஓடுவதால் வைத்திருக்கும் பூட்டு அது. அதை உடைக்கும் ஆப்ஷனையும் பிழைச் செய்தியே சொல்லும், தயவுசெய்து அதைப் பயன்படுத்தாதீர்கள். 'பைத்தான்3-வென்வ்' பேக்கேஜைப் போட்டு, உங்கள் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் ஒரு வென்வ், அதாவது அந்த ப்ராஜெக்டுக்கு மட்டுமான தனிப் பைத்தான் சூழல், உருவாக்கி, அதற்குள் பிப் ஓட்டுங்கள். பிறகு எடிட்டரிடமும் அந்த வென்வில் உள்ள பைத்தானைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சொல்ல வேண்டும். இதை மறந்தால், பிப் போட்டதாகச் சொல்லும், எடிட்டர் மாட்யூல் இல்லை என்னும்.

மைக்ரோசாஃப்டின் விஎஸ் கோட் எடிட்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதைப் படித்ததும் "உலகமே அதைத்தானே பயன்படுத்துகிறது" என்று கேட்கப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன், அது நல்ல எடிட்டர். ஃபைல்கள் பெருகி, நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் பழகிய பிறகு அதற்குப் போங்கள். குரோம் பிரவுசரின் அடித்தளமான குரோமியத்தின் மேல் கட்டியது என்பதால் மெமரி அதிகம் கேட்கும். 4 ஜிபி ரேமில் பிரவுசரையும் திறந்து வைத்தால் திணறும். போடும்போது உபுண்டு, மின்ட்டின் வழக்கமான பேக்கேஜ் வடிவமான டெப் ஃபைலாகப் போடுங்கள். ஃப்ளாட்பேக்காகப் போட்டால் அது தனி அறைக்குள் பூட்டியது போல. அதன் உள் டெர்மினலுக்கு நீங்கள் சிஸ்டத்தில் போட்ட ஜிசிசி கண்ணில் படாது. எல்லாம் போட்ட பிறகும் ஜிசிசி இல்லை என்று வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

அதில் ஃபைலைத் திறக்காமல் ஃபோல்டரைத் திறக்கப் பழகுங்கள். டெர்மினல் தொடங்குவது அந்த ஃபோல்டரில்தான். உள் ஃபோல்டரில் இருக்கும் பைத்தான் ஃபைல், தன் பக்கத்திலேயே இருக்கும் டேட்டா ஃபைலைத் தேடிக் கிடைக்காமல் பிழை தருவது இதனால்தான். 'கோட் ரன்னர்' என்ற எக்ஸ்டென்ஷனை, அதாவது எடிட்டருக்கான கூடுதல் இணைப்பை, போட்டவர்கள் உள்ளீடு கேட்கும் ஸ்கேன்எஃப் வைத்த நிரல் உறைந்து நிற்கிறது என்பார்கள். அது எழுதிக் காட்டும் அவுட்புட் பகுதியில் நாம் எதையும் தட்டச்சு செய்ய முடியாது. செட்டிங்கில் 'ரன் இன் டெர்மினல்' என்பதை டிக் செய்தால் போதும். டேபில் பெயருக்குப் பக்கத்தில் உருண்டைப் புள்ளி தெரிந்தால் ஃபைல் சேவ் ஆகவில்லை. அந்த நிலையில் டெர்மினலிலிருந்து கம்பைல் செய்தால் பழைய நிரல்தான் ஓடும்.

மைக்ரோசாஃப்டுக்குப் பயன்பாட்டுத் தகவல் போவது பிடிக்காவிட்டால் விஎஸ்கோடியம் இருக்கிறது. அதே மூல நிரல்தான், அந்தப் பகுதி மட்டும் நீக்கப்பட்டது. ஆனால் மைக்ரோசாஃப்டின் சி எக்ஸ்டென்ஷனுக்கான உரிமம் அதில் செல்லாது. பதிலாக கிளாங்டி என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய பட்டியல்களில் ஆட்டம் என்ற எடிட்டரின் பெயரைப் பார்த்தால் தாண்டிவிடுங்கள், 2022 டிசம்பர் 15-ஆம் தேதியோடு அதை நிறுத்திவிட்டார்கள்.

டெர்மினலுக்குள்ளேயே இயங்கும் எடிட்டரான விம் பற்றி எழுதாவிட்டால் சண்டைக்கு வருவார்கள். அருமையான கருவி. ஆனால் இரண்டு புதிய விஷயங்களோடு மூன்றாவதாக அதையும் சுமக்க வேண்டியதில்லை. இப்போதைக்கு வெளியேறத் தெரிந்தால் போதும். எஸ்கேப், பிறகு முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். கிட் கமிட் போடும்போது அது திடீரென்று முன்னால் வந்து நிற்கலாம்.

விண்டோஸிலிருந்து ஃபைல்களைக் கொண்டுவருவீர்கள். அவற்றை ஹோம் ஃபோல்டருக்குள் காப்பி செய்துகொண்டு வேலை செய்யுங்கள். விண்டோஸ் டிரைவிலேயே வைத்தால், விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கும் கணினியில் அந்த டிரைவ் படிக்க மட்டும் திறக்கும், சேவ் ஆகாது. உடனே நிர்வாகி அனுமதி தரும் சூடோ போட்டு எடிட்டரைத் திறக்காதீர்கள், அதனால் டிரைவ் திறக்காது. அதோடு அப்படித் திறந்து ஹோமில் உருவாக்கும் ஃபைல்கள் ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குச் சொந்தமாகிவிடும், நாளைக்கு உங்களாலேயே திருத்த முடியாது. எக்ஸ்ஃபேட் பென்டிரைவில் வென்வ் உருவாக்கினால் சிம்லிங்க், அதாவது வேறு ஃபைலைச் சுட்டும் குறுக்கு இணைப்பு, அங்கே இயலாததால் தோற்றுப்போகும். ஷெல் ஸ்கிரிப்ட் 'பேட் இன்டர்ப்ரெட்டர்' என்றால், வரி முடிவில் விண்டோஸ் வைத்த கூடுதல் குறிதான் காரணம். விஎஸ் கோடின் கீழ்ப்பட்டையில் சிஆர்எல்எஃப் என்பதை அழுத்தி எல்எஃப் ஆக்கி சேவ் செய்யுங்கள்.

தமிழை அச்சிடும்போது டெர்மினலில் கொம்பும் காலும் விலகித் தெரிந்தால் நிரலில் தேடாதீர்கள். டெர்மினல் சம அகலக் கட்டங்களால் ஆனது, பலவற்றில் நம் எழுத்து அதற்குள் ஒழுங்காக அமராது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 5 என்னும், சி-யின் ஸ்டர்லென் 15 என்னும். இரண்டும் சரி. முதலாவது யூனிகோட் குறிகளை எண்ணுகிறது, இரண்டாவது யுடிஎஃப்-8 பைட்டுகளை.

கேட்டதற்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் மனத்தில் கிடந்து அறுக்கிறது. பிழை வந்தால் திரையை மொபைலில் சாய்வாகப் போட்டோ எடுத்து, பாதி வரி வெட்டுப்பட்ட படத்தைப் போட்டு உதவி கேட்கிறார்கள். பிழைச் செய்தியின் முதல் வரியில்தான் பெரும்பாலும் சி நிரலின் நோய் இருக்கும், படத்தில் அதுதான் விடுபட்டிருக்கும். பதில் சொல்ல வருபவர் அதைத் தேடவும் முடியாது, காப்பி செய்யவும் முடியாது. எழுத்தாக ஒட்டுங்கள். டெர்மினலில் காப்பி செய்ய கன்ட்ரோலும் ஷிஃப்டும் சேர்த்து சி. ஷிஃப்ட் இல்லாமல் அடித்தால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் நின்றுவிடும்.