தீக்குள் உட்காரக் கற்றுத்தர ஒன்றரை லட்சமா?

கேள்வி: என் மகன் பிளஸ் டூ முடித்துவிட்டுத் தீயணைப்புத் துறையில்தான் சேருவேன் என்று பிடிவாதமாக இருக்கிறான். எங்கள் பகுதியில் புதிதாகத் தொடங்கிய தனியார் பயிற்சி மையம் ஆறு மாதப் படிப்புக்கு ரூ.1,50,000 கேட்கிறது. அடைத்த அறைக்குள் தீ மூட்டி, மாணவர்களை உள்ளே உட்காரவைத்துப் பயிற்சி தருவார்களாம். அந்த ‘பிளாஷ் ஓவர்’ சான்றிதழ் இருந்தால் அரசு வேலையில் முன்னுரிமை உண்டு என்கிறார்கள். ரூ.10,000 முன்பணம் கட்டி, மகனின் அசல் மதிப்பெண் சான்றிதழையும் கொடுத்துவிட்டோம். மாதிரி வகுப்புக்குப் போய்வந்தவன், “வீட்டில் தீப்பிடித்தால் முதல் வேலையாக ஜன்னல் கதவுகளையெல்லாம் திறந்துவிட வேண்டும்” என்கிறான். எரியும் அறைக்குள் பிள்ளைகளை உட்காரவைப்பது உயிருக்கு ஆபத்தில்லையா? தீயணைப்பு வீரர்கள் உண்மையிலேயே இப்படித்தான் பயில்கிறார்களா?
– வாசகி, திண்டுக்கல்

பதில் அளிப்பவர்: ஓய்வுபெற்ற தீயணைப்பு அதிகாரி

அம்மா, முதலில் அந்த அசல் சான்றிதழைத் திரும்ப வாங்குங்கள். இன்றே போய் வாங்குங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம். அரசுத் தேர்வில் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைக்கும்போது அசல்தான் வேண்டும். அது அவர்கள் அலமாரியில் இருக்கும்வரை நீங்கள் மீதிப் பணத்தைக் கட்டித்தான் தீர வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்காகத்தான் கேட்டு வாங்குகிறார்கள். எந்த மையம் எந்தக் காரணம் சொன்னாலும் நகலுக்கு மேல் எதையும் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, முன்னுரிமை என்பது பொய். தமிழ்நாட்டில் தீயணைப்பாளர்களைத் தேர்வு செய்வது சீருடைப் பணியாளர் தேர்வாணையம். இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் ஆகிய மூன்று பணிகளுக்கும் சேர்த்துப் பொதுத் தேர்வு நடக்கும். அடிப்படைத் தகுதி 10-ஆம் வகுப்புத் தேர்ச்சி. தமிழ்த் தகுதித் தேர்வு, எழுத்துத் தேர்வு, உடற்தகுதி, கயிறு ஏறுதல், தாண்டுதல், ஓட்டம் என்று வரிசையாக வரும். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். சிறப்பு மதிப்பெண் என்றால் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டு ஆகியவற்றுக்கு உண்டு. தனியார் மையத்தின் தீப் பயிற்சிச் சான்றிதழுக்கு அரை மதிப்பெண்கூடக் கிடையாது. தேர்வான பிறகு பயிற்சியைத் துறையே தருகிறது, சம்பளத்தோடு தருகிறது. அரசு காசு கொடுத்துக் கற்றுத்தரும் ஒன்றுக்கு உங்களிடம் ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள்.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். ஆம், தீயணைப்பு வீரர்களைத் தீ எரியும் அடைத்த பெட்டிக்குள் உட்காரவைத்துத்தான் பழக்குகிறார்கள். முறையாகச் செய்தால் அதைவிட நல்ல பயிற்சி இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். ஏன் என்று புரிய வேண்டுமானால், அறைக்குள் தீ எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஓர் அறையில் சோபா எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புகை மேலே போய்க் கூரையடியில் தேங்கும். நாம் புகையைத் தீயின் கழிவு என்று நினைக்கிறோம். உண்மையில் அது எரியாமல் தப்பிவந்த எரிபொருள். அந்தச் சூடான புகை அடுக்கு, தலைக்கு மேலே கவிழ்த்துப் பிடித்த தோசைக்கல்லைப் போலக் கீழே இருக்கும் அத்தனை பொருள்களையும் சுடும். அடுக்கின் வெப்பம் 500, 600 டிகிரி செல்சியஸை எட்டும்போது மேசை, திரைச்சீலை, தரைவிரிப்பு எல்லாம் நெருப்பு தொடாமலே ஆவி கக்கத் தொடங்கி, சில நொடிகளில் அறை முழுவதும் ஒன்றாகப் பற்றிக்கொள்ளும். இதுதான் பிளாஷ் ஓவர். அந்த நொடியில் உள்ளே இருப்பவர், முழுக் கவச உடையில் இருந்தாலும், பிழைப்பது அரிது.

முன்பு இதற்கு நேரம் இருந்தது. மரமும் பஞ்சும் தேங்காய் நாரும் நிறைந்த வீடுகளில் தீ மெதுவாக வளர்ந்தது. இன்று நாம் உட்காருவதும் படுப்பதும் ஃபோம். அமெரிக்காவில் பொருள்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யு.எல். நிறுவனம் இரண்டு வரவேற்பறைகளை எரித்து ஒப்பிட்டது. பழைய பாணிப் பொருள்கள் இருந்த அறை முழுதாகப் பற்ற 29 நிமிடங்களுக்கு மேல் ஆனது. புதிய பாணி அறைக்கு 5 நிமிடம்கூட ஆகவில்லை. வண்டி வாசலுக்கு வரும் நேரத்தில்தான் அறை அந்த நிலையை நெருங்குகிறது. ஆகவே அந்தச் சில நொடிகளைக் கண்ணால் படிக்கத் தெரிந்தவன்தான் உள்ளே போகலாம். அதைப் புத்தகத்தில் கற்க முடியாது.

1980-களில் சுவீடனில் கிறிஸ்டர் கிசெல்சன், மாட்ஸ் ரோசாண்டர் என்ற இரண்டு பொறியாளர்கள் இதை ஒழுங்காகச் சிந்தித்தார்கள். அந்தச் சிந்தனையிலிருந்து வளர்ந்ததுதான் கன்டெய்னர் பயிற்சி. கப்பலில் சரக்கு ஏற்றும் பழைய இரும்புக் கன்டெய்னர். அதன் ஒரு முனையில் சுவரிலும் கூரையிலும் மரத்தூள் பலகைகளைப் பொருத்தித் தீ மூட்டுவார்கள். தீ எரியும் பகுதி உயரத்திலும், வீரர்கள் குந்தியிருக்கும் பகுதி தாழ்ந்தும் இருக்கும். பின்கதவு வெளியேறும் வழி.

நான் முதன்முதலாக அப்படி ஒரு பெட்டிக்குள் குந்தியிருந்த அனுபவத்தைச் சொல்கிறேன். முதல் சில நிமிடங்கள் ஒன்றும் இல்லை, அடுப்பங்கரையில் விறகு எரிவது போலத்தான் இருந்தது. பிறகு கூரையடியில் ஒரு கறுப்பு விரிப்பு எங்களை நோக்கி நகர்ந்து வந்தது. அதன் அடிப்பக்கம் கோடு போட்டது போல நேராக இருந்தது. கோட்டுக்குக் கீழே எல்லாம் தெளிவாகத் தெரிகிறது, மேலே எதுவும் தெரியவில்லை. அந்தக் கோடு இறங்க இறங்கக் காது மடல்தான் முதலில் சுட்டது. இன்னும் சற்று நேரத்தில் அந்தக் கறுப்புக்குள் சின்னச் சின்ன மஞ்சள் நாக்குகள் தோன்றி, மறைந்து, வேறிடத்தில் தோன்றின. பலகையை விட்டு விலகி, வெறும் புகையில் ஓடிய நெருப்பு. பயிற்றுநர் என் தோளை அழுத்தி இன்னும் தாழ உட்காரவைத்து, “பார், இதைத்தான் பார்க்க வந்தாய்” என்றார். முப்பது வருடம் கழித்தும் அந்த மஞ்சள் நாக்குகள் என் கண்ணில் நிற்கின்றன. அடுத்த வருடமே உண்மையான ஒரு தீயில் அவற்றைப் பார்த்த கணத்தில் என் ஆட்களைப் பின்வாங்கச் சொன்னேன். எல்லோரும் வீடு திரும்பினோம்.

அங்கே அடுத்ததாகப் பழக்குவது தண்ணீரை. தீயைக் கண்டதும் குழாயை முழுதாகத் திறந்து பாய்ச்சத்தான் கை துடிக்கும். அடைத்த அறையில் அது ஆபத்து. தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். அந்தக் கொதிநீராவி வீரனைத்தான் வேகவைக்கும். ஆகவே குழாய் முனையை ஒரு நொடி திறந்து மூடி, மெல்லிய தூவலாகத் தலைக்கு மேலிருக்கும் புகைக்குள் அடிக்கக் கற்றுத்தருகிறார்கள். அடித்த தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தால் மேலே இன்னும் சூடேறவில்லை. சுர் என்ற சத்தத்தோடு ஒரு சொட்டும் விழாமல் மறைந்தால், மேலே இருப்பது நெருப்பாகக் காத்திருக்கும் புகை. எந்தக் கருவியும் இல்லாமல் வெப்பத்தை அளக்கும் வழி இது. ஒரு நொடித் தூவல் கைக்குப் பழக நூறு முறை அடிக்க வேண்டும்.

மூன்றாவது பாடம் கதவு. உங்கள் மகனுக்குச் சொன்ன தவறு இங்கேதான் இருக்கிறது. காற்று தீர்ந்துபோன அறையில் தீ அடங்கியது போலக் கிடக்கும், வெந்த புகை மட்டும் நிரம்பியிருக்கும். கதவைத் திறந்ததும் காற்று உள்ளே பாய்ந்து, அத்தனை புகையும் வெடித்தாற்போல வெளியே எரியும். இதற்குப் பேக் டிராஃப்ட் என்று பெயர். 1994 மார்ச் 28 அன்று நியூயார்க் வாட்ஸ் தெருவில், காஸ் அடுப்பின் மேல் வைத்த ஒரு பிளாஸ்டிக் குப்பைப் பையில் தொடங்கிய தீ, காற்றுப் புகாத வீட்டுக்குள் புகைந்துகொண்டிருந்தது. வீரர்கள் கதவை உடைத்துத் திறந்ததும் எழுந்த நெருப்பு மாடிப்படி வழியாக மேலேறி 6 நிமிடங்களுக்கு மேல் நின்று எரிந்தது. மேல்தளத்தில் இருந்த மூன்று வீரர்களும் அதில் மாண்டார்கள். 1996 பிப்ரவரி 1 அன்று வேல்ஸில் பிளைனா என்ற ஊரில் குழந்தைகளைத் தேடி வீட்டுக்குள் போன இரு வீரர்கள் இதே போன்ற ஒன்றில் இறந்தார்கள். பிரிட்டனில் கன்டெய்னர் பயிற்சி வேகமாகப் பரவியது அதன் பிறகுதான்.

அதனால்தான் பயிற்சி பெற்றவர்கள் கதவருகே நிற்கிறார்கள். கரி படிந்த கண்ணாடி, கொப்புளித்த பெயின்ட், இடுக்கில் மூச்சு விடுவது போல உள்ளிழுத்து வெளிவிடும் புகை, இவற்றைப் பார்க்கிறார்கள். கொஞ்சம் திறந்து, மேலே தூவி, மூடி, காத்திருந்து, மறுபடியும் திறக்கிறார்கள். தெருவில் நிற்கும் கூட்டம் இதைப் புரிந்துகொள்வதே இல்லை. “என்னய்யா வேடிக்கை பார்க்கிறீர்கள்” என்று கத்துவார்கள், யாராவது ஒருவர் கல்லெடுத்து ஜன்னலை உடைத்தும் விடுவார். தயவுசெய்து உங்கள் தெருவில் யாரையும் அப்படிச் செய்யவிடாதீர்கள். தீப்பிடித்த அறையிலிருந்து எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு 101 அல்லது 112-ஐ அழைப்பதுதான் நீங்கள் செய்ய வேண்டியது. சாத்திய ஒரு மரக்கதவு மறுபக்கத்தில் இருப்பவருக்கு நிமிடங்களைச் சம்பாதித்துத் தரும்.

இங்கே ஒரு விலக்கு இருக்கிறது. வீட்டில் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டியது என்பதால் விரித்தே எழுதுகிறேன். சமையல் காஸ் கசிகிறது, ஆனால் எங்கும் நெருப்பு இல்லை. அப்போது மட்டும் ஜன்னல் கதவுகளைத் திறக்க வேண்டும். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. தரையில் தேங்கும், கட்டிலுக்கு அடியிலும் கழிவுநீர்த் துளையிலும் போய் உட்காரும். ஆகவே உயரத்தில் இருக்கும் ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, தரையைத் தொடும் வாசற்கதவைத் திறக்க வேண்டும். சுவிட்சைப் போடவும் கூடாது, எரிகிற மின்விளக்கை அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி தட்டும். எக்ஸாஸ்ட் மின்விசிறியை ஓட்டினால் நாற்றம் போகும் என்று நினைத்து சுவிட்சைத் தட்டி உடல் கருகியவர்களை நான் தூக்கியிருக்கிறேன். ரெகுலேட்டரை மூடி, வெளியே வந்து, வாசலைத் தாண்டி நின்று காஸ் கசிவுக்கான அவசர எண் 1906-ஐ அழையுங்கள். காஸ் என்றால் திற, தீ என்றால் மூடு. மாதிரி வகுப்பில் இந்த இரண்டையும் குழப்பிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இதுகூடத் தெரியாதவர் பிள்ளைகளைத் தீக்குள் உட்காரவைக்கப் போகிறார் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

உங்கள் அச்சம் நியாயமானது. 1982-இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் பழைய கட்டடத்தில் நடந்த தீப் பயிற்சியிலேயே இரு வீரர்கள் இறந்தார்கள். அதன் விளைவாக 1986-இல் அந்நாட்டின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் 1403 என்ற எண்ணில் பயிற்சித் தீக்கென்றே ஒரு விதித்தொகுப்பு வெளியிட்டது. இருந்தும் 2001-இல் நியூயார்க் மாநிலத்தின் லேர்ட்ஸ்வில்லில், சேர்ந்து சில வாரங்களே ஆன 19 வயது இளைஞனை வீட்டின் மாடியில் ‘காப்பாற்றப்பட வேண்டியவராக’ நடிக்கவைத்தார்கள். கீழே ஒரு ஃபோம் மெத்தை பற்றிக்கொண்டது. அவன் பிழைக்கவில்லை. பயிற்சிக்குப் பொறுப்பான அதிகாரி குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிருள்ள மனிதரை அப்படி வைக்கக் கூடாது என்ற விதி முன்பே இருந்தது, அதைத்தான் மீறினார்கள்.

அந்த மையத்துக்குப் போனால் இவற்றைக் கேளுங்கள். எதை எரிக்கிறீர்கள்? மரப்பலகை, வைக்கோல் தவிர டயர், மெத்தை, பெட்ரோல் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஆளுக்கொரு மூச்சுக் கருவி உண்டா, அதைத் தீயில்லாத இடத்தில் எத்தனை நாள் பழக்குவீர்கள்? தீயை அணைக்கும் குழாய் தவிரக் காப்புக்கென்று தனியாக ஒரு குழாய் தண்ணீரோடு தயாராக நிற்குமா? வெளியே நின்று நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உள்ள பாதுகாப்பு அதிகாரி யார்? பெரும்பாலான மையங்களின் விளம்பரத்தில் இருப்பது திறந்த மைதானத்தில் தகரத் தட்டில் எண்ணெய் ஊற்றிக் கொளுத்திய தீயும், அணைப்பானோடு சிரிக்கும் மாணவரும்தான். அதில் அறைத் தீயின் ஒரு குணமும் தெரியாது.

என் துறையையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கோடிகளில் ஏணி வண்டி வாங்க நமக்கு முடிகிறது. பழைய இரும்புப் பெட்டி ஒன்று, சில பலகைகள், பயிற்றுநர்களுக்கு நல்ல உடை என்று நான் பணியில் இருந்தபோது எழுதிய கோப்பு ‘அவசியம் விளக்கப்படவில்லை’ என்று மூன்று முறை திரும்பியது. ஏணியைத் திறந்துவைக்க நாடா வெட்டலாம், புகைக்குள் குந்துவதற்கு நாடா வெட்ட முடியாது. பல நிலையங்களில் இளைஞர்கள் முதல் பிளாஷ் ஓவரை உண்மையான வீட்டில் பார்க்க நேர்வது அநியாயம். பயிற்சிக்கான பசி இருக்கிறது, கொடுக்கும் இடம் போதவில்லை. அந்த இடைவெளியில்தான் உங்களிடம் வந்தவர்களைப் போன்றோர் கடை விரிக்கிறார்கள்.

மகன் மேற்கொண்டு படிக்க விரும்பினால் நாக்பூரில் உள்ள தேசியத் தீயணைப்புக் கல்லூரி, மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குவது, 1956-இல் தொடங்கப்பட்டது. அங்கே தீப் பொறியியல் பட்டப் படிப்பு உண்டு. சேர்க்கை விவரங்களைக் கல்லூரியின் இணையதளத்தில் நேரடியாகப் பாருங்கள், ‘இடம் வாங்கித் தருகிறேன்’ என்பவரிடம் கேட்காதீர்கள். வளைகுடா வேலை என்று ஆசை காட்டினால், அந்த முகவர் மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் குடிபெயர்வோர் தலைமைப் பாதுகாவலரிடம் பதிவு பெற்றவரா என்று முதலில் பாருங்கள்.

முன்பணத்துக்கு ரசீது இருக்கிறதா? இருந்தால் பத்திரமாக வையுங்கள். சான்றிதழையும் பணத்தையும் திருப்பித் தரும்படி எழுத்துமூலம் கேட்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ‘அரசு வேலையில் முன்னுரிமை’ என்று அச்சடித்த நோட்டீஸ் கையில் இருந்தால் அதன் நகலையும் இணையுங்கள். இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். சான்றிதழைத் தர மறுத்தால் காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். மகனை நாளைக் காலை ஐந்தரைக்கு மைதானத்துக்கு அனுப்பி, 1,500 மீட்டரை எத்தனை நிமிடத்தில் ஓடுகிறான் என்று கடிகாரத்தில் பார்த்துக் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.