மாக்குலர் சிதைவுக்கு ஒளிச் சிகிச்சை பலன் தருமா?

மேலூரில் இருக்கும் 72 வயது அம்மாவுக்கு உலர் வகை மாக்குலர் சிதைவு (விழித்திரையின் நடுப்பகுதி மெல்லப் பழுதாகும் நோய்), சிவப்பு ஒளிச் சிகிச்சை செய்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பார்க்கலாம், ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். வலேடா என்ற கருவிக்கு அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 நவம்பரில் அனுமதி தந்தது, அதுவும் உலர் வகைக்கு மட்டும். 590, 660, 850 நானோமீட்டர் ஒளியை விழித்திரையில் பாய்ச்சுவார்கள். செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா அதை உறிஞ்சிச் சுறுசுறுப்பாகும் என்பதுதான் கணக்கு. மூன்று முதல் ஐந்து வாரத்துக்குள் 9 முறை. அப்புறம் நாலு மாதத்துக்கு ஒரு தடவை அதே சுற்று. இந்தக் கருவியைச் சோதித்த லைட்சைட் 3 ஆய்வில், 13ஆம் மாதத்தில் சிகிச்சை பெற்ற கண்கள் பார்வை அட்டையில் சராசரியாக 5.4 எழுத்து கூடுதலாகப் படித்தன. ஒப்புக்குச் சிகிச்சை பெற்றவை 3 எழுத்து. வித்தியாசம் இரண்டரை எழுத்துக்கும் குறைவு! செத்துப்போன செல் திரும்பி வராது.

ஆன்லைனில் விற்கும் சிவப்பு டார்ச்சை வாங்கிக் கண்ணில் அடித்துவிடாதீர்கள். முதலில் மதுரை அண்ணாநகர் அரவிந்த் மாதிரி ஒரு கண் மருத்துவமனையில் ஓசிடி ஸ்கேன் (விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் படம்) எடுங்கள். ஜன்னல் கம்பி, கதவு நிலை நெளிந்து தெரிகிறது என்று அம்மா சொன்னால் ஈர வகையாக, அதாவது விழித்திரைக்கு அடியில் ரத்தக் குழாய் கசியும் வகையாக, மாறியிருக்கலாம். அதற்கு இந்த ஒளி உதவாது, கண்ணுக்குள் போடும் ஊசிதான். அந்த வாரமே கூட்டிப்போங்கள்.