அப்பாவை நினைத்தால் உங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது எது?

கேள்வியைப் பார்த்ததும் யோசித்தேன். வீட்டுக்குள் அப்பா இருப்பது போல் ஒரு காட்சிகூட எனக்கு வரவில்லை. அம்மா ஆளனுப்பும்போது மூன்று இடம் சொல்லித்தான் அனுப்புவார்: ஆற்றங்கரை, வயல் வாடி (வயலில் தங்கும் குடிசை), மைதானத்து வேம்படி. மூன்றிலும் இல்லை என்றால் பாதையில் வந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

எங்கள் ஊர் குறுமண்வெளி. மட்டக்களப்பு வாவிக்கு எழுவான்கரைப் பக்கம், அதாவது கிழக்குக் கரை. எதிரே மேற்குக் கரையான படுவான்கரையில் மண்டூர். இரண்டுக்கும் நடுவே பாதை ஓடும். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், இங்கே பாதை என்றால் தெரு இல்லை. ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கும் மிதவை. வாவியையும் நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம்.

அப்பா கூட்டுறவுக் கடையில் கணக்கு எழுதியவர். அந்த வேலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அவரும் சொன்னதில்லை. மண்டூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் வயல் இருந்தது. ஒரு சின்னத் தோணியும் ஒரு வீச்சு வலையும் இருந்தன. அவற்றைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவார்.

நான் மூத்தவள். தம்பி பிறக்க ஏழு வருடம் ஆனதால் தோணியில் அவனுக்குரிய இடம் எனக்குக் கிடைத்தது. "பொம்பிளப் புள்ளய என்னத்துக்கு ஆத்துக்குக் கூட்டிப் போறாய்?" என்று அப்பம்மா கத்துவார். அப்பா பதில் சொல்லமாட்டார், தோணி வலிக்கும் சவளை எடுத்து என் கையில் கொடுப்பார். வெள்ளாப்பில் கிளம்பினால் வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவோம். வலையின் கயிறு மணிக்கட்டில் இருக்கும், ஒரு பகுதி இடது முழங்கையில் தொங்கும், ஈயக் குண்டு கட்டிய ஓரத்தைப் பல்லில் கடித்திருப்பார். உடம்பை ஒரு கிறுகு கிறுகி எறிந்தால் தண்ணீரில் வட்டமாக விழும். என்னுடையது மூட்டையாக விழும். "வலைய எறியாத புள்ள, விரி" என்பார். முகத்துவாரம் வெட்டிக் கடல் தண்ணீர் உள்ளே வந்த நாட்களில் இறாலும் மணலை மீனும் கிடைக்கும். கொடுவா கிடைத்தால் அன்று தெரு முழுக்க அவர் நடையிலேயே தெரியும்.

இனி கிரிக்கெட். 1996 மார்ச் 17, உலகக் கிண்ண இறுதியாட்டம். லாகூரில் இலங்கைக்கு எதிராக அவுஸ்திரேலியா 241 எடுத்துவிட்டது. எங்களிடம் பற்றறி ரேடியோ மட்டும். முதல் நாள் முழுக்கப் பற்றறிகளைக் கூரையில் வெயிலில் போட்டு வைத்திருந்தார். போர் நடந்த அந்தக் காலத்தில், புலிகளின் பிடியில் இருந்த படுவான்கரைக்குப் பற்றறி கொண்டுபோக இராணுவத்தினர் விடமாட்டார்கள். ஒருமுறை சோதனைச் சாவடியில் ரேடியோவைத் திறந்து கழற்றி எடுத்துவிட்டார்கள். அதனால் ஆட்ட நாட்களில் வயல் வேலையே கிடையாது. எங்கள் ஆட்டம் தொடங்கி 23 ஓட்டத்துக்கு இரண்டு விக்கெட், தொடக்க ஆட்டக்காரர்கள் சனத் ஜயசூரியவும் களுவிதாரணவும் போயாயிற்று. அப்பா எழுந்து வேலியடியில் போய் நின்றுகொண்டார். "நீ கேளு புள்ள. விழுந்தா சொல்லாத. நல்லது நடந்தா மட்டும் வந்து சொல்லு."

எனக்கு ஒன்பது வயது. ஆங்கில வர்ணனையில் எனக்கு விளங்கியது மூன்றே சொல்: ஃபோர், சிக்ஸ், அவுட். ஃபோர் கேட்ட ஒவ்வொரு முறையும் வேலிக்கு ஓடினேன். அரவிந்த டி சில்வா 107 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார், நாங்கள் 7 விக்கெட்டால் வென்றோம். அவ்வளவு நேரமும் அப்பா இருட்டில் நின்றபடியே இருந்தார். வெற்றி என்று சொன்னதும், "மறுகா ஒருக்காச் சொல்லு" என்றார்.

குறையும் சொல்ல வேண்டும். நான் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கன்று தண்ணீர் வார்க்கும் நேரம் ஆளைக் காணவில்லை. மென்பந்துக் கிரிக்கெட் இறுதியாட்டத்துக்கு நடுவராகப் போயிருந்தார். "நான் போகாட்டி ரெண்டு கழகமும் அடிபட்டிருக்கும்" என்றார். அம்மா இன்றுவரை மன்னிக்கவில்லை. எனக்கும் நாலைந்து வருடம் பிடித்தது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஓந்தாச்சிமடம், கல்லாறு பக்கம் ஆள் தேடப் போனார். என்ன பார்த்தார் என்று சொன்னதேயில்லை. பல மாதம் வலையைத் தொடவில்லை. தொட்டிருந்தாலும் மீன் வாங்க ஆளில்லை. காரணம் இங்கே எல்லாருக்கும் தெரியும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கதிர்காமத்துக்கு நடக்கத் தொடங்கினார். திருக்கோவில், பொத்துவில், பாணமை, உகந்தை. அங்கிருந்து குமணக் காடு. பக்திதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முருகனைவிடக் காடு அவரைக் கூடுதலாக இழுத்தது என்பது என் சந்தேகம். 2014இல் நானும் போனேன். கும்புக்கன் ஆற்று மணலில் படுக்க இடம் பார்த்தபோது, நான் விரித்த பாயை எடுத்து அப்பால் போட்டார். மிருகம் தண்ணீருக்கு வரும் தடமாம். எனக்கு வெறும் மணல்தான் தெரிந்தது. காலையில் பார்த்தால் பாய் இருந்த இடத்தில் குளம்பு அடையாளங்கள்.

அந்த வருடம் உதைபந்தாட்ட உலகக் கிண்ணமும் நடந்தது. அவர் பிரேசில் பைத்தியம். காட்டுக்குள் செய்தி ஏது? வெளியே வந்து கதிர்காமத்தில் ஒரு தேநீர்க் கடையில் முதல் கேள்வியாக அரையிறுதி என்னவாயிற்று என்று கேட்டார். ஜேர்மனி 7, பிரேசில் 1 என்றார் கடைக்காரர். பகிடி விடுகிறார் என்று நினைத்துப் பக்கத்து மேசைக்காரரிடமும் கேட்டார். பிறகு பிளேன்டீயைப் பாதியில் வைத்துவிட்டு, "முருகா, காட்டுக்குள்ளயே இருந்திருக்கலாம்" என்றார். நாங்கள் இன்னும் கோயிலுக்கே போயிருக்கவில்லை.

இறந்தது 2019இல். கிடந்து வருந்தவில்லை. எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவன்று மீன் படைக்கலாமா கூடாதா என்று மாமிமார் சண்டை பிடித்தார்கள். கடைசியில் அம்மா ஒன்றும் பேசாமல் இறால் பொரியலைக் கொண்டுவந்து வைத்தார்.

போன வருடம் ஊருக்குப் போனபோது மண்டூர்க் கோயிலுக்குப் பாதையில் கடந்தேன். பாதை ஓட்டும் ஐயாவுக்கு வயதாகிவிட்டது. முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, இன்னாரின் மகளா என்று கேட்டார். ஆமென்றேன். கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவைப் பற்றி ஏதோ நல்லதாகச் சொல்லப்போகிறார் என்று நான் தயாரானேன், கண்ணும் கலங்கிவிட்டது.

"2011 இறுதியாட்டம் புள்ள. இந்தியாதான் வெல்லும் எண்டு நான் சொன்ன. உங்கட அப்பா ஸ்ரீலங்கா எண்டு 500 ரூவா கட்டினவர். இன்னும் தரல்ல."

கைப்பையைத் திறந்து 500 ரூபாயை நீட்டினேன். வேண்டாம் என்பார் என்றுதான் நினைத்தேன். வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"வட்டி வேணாம்" என்றார்.